கடற்படை விமான ஸ்குவாட்ரனில் பணியாற்றி மறைந்தவர்களுக்கு ஊரில் நினைவு நாள் எடுப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய அப்பா 1960-களின் பிற்பகுதியில் கடற்படையில் சேர்ந்து, ஐ.என்.ஏ.எஸ். 310 என்ற விமான ஸ்குவாட்ரனில், அதாவது விமான அணியில், ஏர் மெக்கானிக்காகவும், பிறகு பெட்டி ஆபீசராகவும் இருந்தவர். 1971 போரின்போது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். அடக்கத்திற்கு வந்திருந்த அப்பாவின் பழைய நண்பர்கள், அந்த ஸ்குவாட்ரனில் இருந்த நம் மாவட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கென்று படையில் ஒரு முறை உண்டா, எந்த நாளில் செய்வது, தேசியக் கொடி போர்த்தலாமா, கல் வைக்கலாமா என்று அவர் கேட்கிறார். முன்னாள் படைவீரர்கள் நடுவில் நெடுங்காலம் இருந்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மண்டபம், மாலை, பேச்சாளர் எல்லாவற்றையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நேரே, அவர் ஸ்குவாட்ரனில் என்ன வேலை செய்தார் என்பது இருக்க வேண்டும். பிறந்த தேதியும் இறந்த தேதியும் கல்லறையிலேயே இருக்கின்றன. பத்தாண்டு, பதினைந்தாண்டு அவர் விமானத்தில் எந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. மாலுமிகளில் பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே பென்ஷனோடு ஊருக்கு வந்துவிட்டவர்கள். அதன் பிறகு வங்கியிலோ வளைகுடாவிலோ இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தார்கள். ஊரில் அவர்களுக்கு ‘நேவிக்காரர்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. நேவியில் என்ன செய்தார் என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. நினைவு நாள் எடுப்பதென்றால் அந்தப் பதிலைத் தேடி எழுதி வைப்பதுதான் அதன் உயிர் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஸ்குவாட்ரன் என்றாலே விமானிகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கடற்படை ஸ்குவாட்ரனில் விமானமேறுகிறவர்கள் சிறு பகுதிதான். அவர்களைப் பறக்க வைப்பவர்களே மிகுதி. எஞ்சினையும் உடலையும் பார்க்கும் ஏர் எஞ்சினியரிங் பிரிவு, மின்கருவிகளையும் ராடாரையும் பார்க்கும் ஏர் எலக்ட்ரிக்கல் பிரிவு, குண்டும் ராக்கெட்டும் ஏற்றும் ஆர்ட்னன்ஸ் பிரிவு, பாராசூட்டையும் உயிர்காப்பு மிதவைகளையும் மடித்து வைக்கும் சேஃப்டி எக்விப்மென்ட் பிரிவு, கப்பல் மேல்தளத்தில் விமானங்களைத் தள்ளி, நிறுத்தி, கட்டும் ஏர்கிராஃப்ட் ஹேண்ட்லர்கள் என்று பலர். மேல்தளத்தில் விமானத்தின் சக்கரத்துக்குச் ‘சாக்’ என்ற தடைக்கட்டை வைப்பது கேட்பதற்குச் சிறிய வேலை. கப்பல் அலையில் சாயும்போது, பக்கத்திலேயே இன்னொரு விமானத்தின் புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருக்க, குனிந்து உள்ளே போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வர வேண்டும். கவனம் ஒரு கணம் தவறினால் உயிர் இல்லை. பறப்பு தொடங்குமுன் மேல்தளத்தில் வரிசையாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே முழு நீளமும் நடந்து, கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு, நூல் எல்லாவற்றையும் பொறுக்குவார்கள், ஏனென்றால் ஜெட் எஞ்சின் உள்ளிழுக்கும் ஒரு சிறு திருகாணி போதும் விமானத்தை வீழ்த்த. உங்கள் அப்பாவும் அந்த வரிசையில் நடந்திருப்பார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இப்படிப்பட்ட வேலை ஒன்றாவது எழுதப்பட வேண்டும்.

அந்த ஸ்குவாட்ரனின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நினைவு நாளில் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். இந்தியக் கடற்படையின் முதல் விமான நிலையமான ஐ.என்.எஸ். கருடா 1953 மே 11-ஆம் நாள் கொச்சியில் தொடங்கப்பட்டது. ஐ.என்.ஏ.எஸ். 310, ‘கோப்ராஸ்’, 1961 மார்ச் 21-ஆம் நாள் பிரான்சில் உள்ள இயேர் என்ற ஊரில் பணியில் சேர்க்கப்பட்டது. அதே மார்ச் மாதம் 4-ஆம் நாள் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் விக்ராந்த் கப்பல் கடற்படையில் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு மே 18-ஆம் நாள் விக்ராந்தின் தளத்தில் முதன்முதலாக ஒரு சீ ஹாக் ஜெட்டை இறக்கியவர், பின்னாளில் கடற்படைத் தளபதியான தஹிலியானி. இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா விமானத் தளம் 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது கோவை அருகே சூலூரில்தான். கோவா விடுதலைக்குப் பிறகு, 1964-இல் அது டபோலிமுக்கு மாறியது. அக்காலத்துப் பெரியவர்கள் சூலூரைப் பற்றிப் பேசினால், இன்று அங்கிருக்கும் விமானப்படைத் தளத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

310-க்குக் கொடுக்கப்பட்ட விமானம் பிரெஞ்சு அலிஸே. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி அழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட டர்போபுரொப் விமானம். விமானி, அப்சர்வர், கருவிகளை இயக்கும் ஏர் குரூ என மூவர் உள்ளே இருப்பார்கள். கப்பலின் லிஃப்டில் அடங்குவதற்காக அதன் இறக்கைகள் மடியும். வயிற்றுப் பகுதியிலிருந்து ராடார் கூடு கீழே இறங்கும். இறக்கை மடியும் மூட்டுகளும் ஹைட்ராலிக் குழாய்களும் உப்புக் காற்றில் ஓயாமல் கவனிப்பைக் கேட்டவை. கடலோர வீட்டில் இரும்பு ஜன்னல் எப்படித் துருப்பிடிக்கும் என்று குளச்சல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் அந்தத் துருவை ஒரு புள்ளி அளவுகூட விட முடியாது.

1971-இல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று பழுதாகியிருந்தது. கப்பலின் வேகம் குறைந்தால் மேல்தளத்தில் எதிர்காற்று குறையும். எதிர்காற்று குறைந்தால் விமானத்தை ஏவுவது கடினம். அந்த நிலையிலேயே வங்கக் கடலில் டிசம்பர் 4-ஆம் நாள் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. தொடர்ந்து அலிஸே விமானங்களும் கிழக்கு வங்காளத்தின் துறைமுகங்கள் மீது பறந்தன. சீ ஹாக் ஸ்குவாட்ரனான 300-இன் தலைவர் எஸ். கே. குப்தாவும் கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷும் மகாவீர் சக்ரா பெற்றார்கள். அதே போரில் மேற்குக் கடலில் டிசம்பர் 9-ஆம் நாள் இரவு குக்ரி கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். மறுநாள், டிசம்பர் 10 அன்று, குஜராத் கரைக்கு அப்பால் பறந்துகொண்டிருந்த ஓர் அலிஸேயை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த மூவரும் திரும்பி வரவில்லை.

உங்கள் நினைவு நாளில் அந்த மூவருக்கும் இடம் இருக்க வேண்டும். அவர்கள் நம் மாவட்டத்துக்காரர்களா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. ஒரே ஸ்குவாட்ரனில் ஊர் பார்த்து யாரும் துக்கம் காப்பதில்லை. கடமையில் இருக்கும்போது இறந்தவர்களின் பெயர்களை முதலில் வாசிப்பதும், பணி முடித்து ஊரில் காலமானவர்களின் பெயர்களை அடுத்து வாசிப்பதும்தான் வழக்கம். டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் தியாக சக்கரத்தில், விடுதலைக்குப் பின் போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுபது, எண்பது வயதில் வீட்டுக் கட்டிலில் இறந்த உங்கள் அப்பா போன்றவர்களின் பெயர் அங்கே வராது. அது குறையில்லை, அந்த நினைவகத்தின் நோக்கம் வேறு. அவர்களை நினைப்பது அவர்கள் ஊரின் பொறுப்பு; அதனால்தான் உங்கள் அப்பாவின் நண்பர்கள் சொன்னது எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. போரில்லாத காலத்தில் கடமையின்போது போனவர்களும் உண்டு. ஐ.என்.ஏ.எஸ். 315 ஸ்குவாட்ரனின் வெள்ளி விழா நாளான 2002 அக்டோபர் 1 அன்று கோவா வானில் இரண்டு ஐ.எல்.-38 விமானங்கள் மோதி அவற்றில் இருந்த 12 பேரும் இறந்தார்கள். அந்த ஸ்குவாட்ரனில் இருந்தவர்கள் யாராவது உங்களோடு சேர்ந்தால் அந்தப் பன்னிருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடல் கிடைக்காத சாவு எப்படிப்பட்டது என்பதை இந்த மாவட்டத்துக் கடற்கரைக்கு யாரும் விளக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களில் எத்தனை வீடுகள் வாசலிலேயே காத்துக் கிடந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் கடலுக்கு மேல் தேடிப் பறந்தவற்றில் கடற்படை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இருந்தன. கடலுக்கு மேல் தாழப் பறந்து, மணிக்கணக்காக நீர்ப்பரப்பைக் கண்ணாலும் கருவியாலும் துழாவுவது கடல் ரோந்து ஸ்குவாட்ரன்களின் அன்றாட வேலை. 310-இல் அலிஸே பறந்த காலத்திலும் அதுவே வேலை. மீனவக் குடும்பத்தார் உங்கள் கூட்டத்துக்கு வந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். மெக்கானிக் ஒருவர் எஞ்சினுக்குக் கையெழுத்திட்டால்தான் அந்தத் தேடல் தொடங்கவே முடியும் என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

இனி கொடியைப் பற்றி. இதில் பல குடும்பங்கள் அறியாமல் சட்டத்தை மீறிவிடுகின்றன. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதையுடனோ ஆயுதப் படை அல்லது துணை ராணுவப் படையின் மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்கைத் தவிர வேறெங்கும் தேசியக் கொடியைப் போர்த்தும் துணியாகப் பயன்படுத்தக் கூடாது. அத்தகைய சடங்கிலும் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. ஓய்வு பெற்று வீட்டில் இறந்தவர் மீது குடும்பத்தாரே கடையில் வாங்கிய கொடியைப் போர்த்துவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், தவறுதான். நினைவு நாளில் படத்துக்கு அடியிலோ மேசை மேலோ கொடியை விரிப்பதும் கூடாது. முறைப்படி ஒரு கம்பத்தில் ஏற்றி, வணங்கி, மாலைக்குள் இறக்குவதில் தடையில்லை. படத்தருகே வைப்பதற்கு அவருடைய தொப்பி, பதக்கங்கள், ஸ்குவாட்ரன் இலச்சினையின் படம் ஆகியவை போதும். கொடியைவிட அவருக்குச் சொந்தமானவை அவைதாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், யாராவது வந்து மலர் வளையம் வைக்க வாய்ப்பு உண்டு.

நாள் தேர்வில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 4 கடற்படை தினம். விக்ராந்த் விமானங்கள் தாக்கிய நாளும் அதுதான். ஆனால் அன்று எல்லா இடத்திலும் கொண்டாட்டம் இருக்கும், அழைக்க வேண்டியவர்கள் வேறு மேடையில் இருப்பார்கள், வடகிழக்குப் பருவமழையும் முடிந்திருக்காது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், பொங்கலை ஒட்டி வருவதால் யாரும் அகப்படமாட்டார்கள். ஸ்குவாட்ரன் பிறந்த மார்ச் 21-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையே சிறந்தது. காலைக் கோயில் ஆராதனைகள் முடிந்த பிறகு, பதினொரு மணியளவில் வைத்தால் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், இந்துக்கள், இஸ்லாமியர் எல்லாரும் வர முடியும்.

நிகழ்ச்சியில் எந்த மதச் சடங்கும் வேண்டாம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-இல் கல்லறைக்குப் போகிறவர்கள் போவார்கள். ஆடி அமாவாசையில் கன்னியாகுமரி முக்கடலில் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். துஆ கேட்கிறவர்கள் கேட்பார்கள். பொதுவில் செய்ய வேண்டியது பெயர் வாசிப்பதும் இரண்டு நிமிட மௌனமும்தான். பெயரைப் பதவியோடும் பிரிவோடும் வாசியுங்கள், ‘சீஃப் பெட்டி ஆபீசர், ஏர் எலக்ட்ரிக்கல், 310-இல் இத்தனை ஆண்டு முதல் இத்தனை ஆண்டு வரை’ என்று. ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டுப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ வாசிப்பது நல்லது. வாசிப்பதற்காகவாவது அந்தப் பிள்ளை தாத்தாவின் வேலை என்னவென்று வீட்டில் கேட்கும். என்.சி.சி. மாணவர்களில் பியூகிள் வாசிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் மௌனத்துக்கு முன் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசையை வாசிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் ஒலிபெருக்கியில் பதிவைப் போடுவதைவிட ஒரு மணியை அடிப்பது எவ்வளவோ மேல், கப்பலில் நேரம் சொல்வதே மணிதானே. அரசியல் பிரமுகர்களை மேடையேற்றினால் நேரம் அவர்களுடையதாகிவிடும். முன்வரிசை நாற்காலிகள் விதவைகளுக்கு உரியவை. கணவர் கப்பலில் இருந்த மாதங்களில் குழந்தைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, இன்லண்ட் லெட்டருக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். மறைந்த விதவைகளின் பெயரையும் கணவர் பெயரோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தக் கூட்டத்திலேயே ஒரு மேசை போட்டு, குடும்ப பென்ஷன் சரியாக வருகிறதா, படையினரின் பென்ஷனுக்கான இணையத் தளமான ஸ்பர்ஷ் கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கொடுக்க விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் மாதக்கணக்கில் அலைந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல் வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த மாவட்டத்தில் படைவீரனுக்குக் கல் வைப்பது புதிதில்லை. குளச்சலில் 1741 வெற்றியின் நினைவுத் தூண் உங்கள் வீட்டுப் பக்கமே இருக்கிறது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாயின் கல்லறையைப் பார்க்கலாம். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையைக் கட்டியெழுப்பி, 1777-இல் இறந்த அந்த டச்சுக் கம்பெனிப் படைக்காரரின் கல்லில் இலத்தீனும் தமிழும் உள்ளன. பெயரோடு, அவர் செய்த பணியும் அதில் சொல்லப்பட்டிருப்பதால்தான் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் படிக்கிறவர்களுக்கு அவர் யாரென்று விளங்குகிறது. நீங்கள் வைக்கும் கல்லிலும் அப்படியே இருக்கட்டும். பொது இடத்தில் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். ஒரு பள்ளி வளாகத்திலோ, முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்திலோ வைப்பது எளிது. இனிமேல் வரும் பெயர்களுக்குக் கீழே இடம் விட்டுச் செதுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் செதுக்காதீர்கள்.

கல்லுக்கு முன் தாள்கள் சேர வேண்டும். வீட்டு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சான்றிதழ், பென்ஷன் ஆணை, பதக்கங்கள் இருக்கும். பதக்கத்தின் பெயரே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்: 1971-இல் கிழக்குப் போர்முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். பதக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பணி எண்ணும் பெயரும் பொறித்திருப்பது தெரியும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து தேய்ந்துவிடும், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். தாள் எதுவும் இல்லாத குடும்பங்கள், பணி எண் தெரிந்தால், மும்பை மான்கூர்டில் உள்ள, மாலுமிகள் ‘கேப்ஸ்’ என்று சொல்லும் ஆவண அலுவலகத்துக்கு உறவுச் சான்றோடு எழுதிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது அந்த ஸ்குவாட்ரன் குழுப் படம். விமானத்தின் முன் மூன்று நான்கு வரிசையாக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் பல வீடுகளில் உண்டு. பெயர்கள் எந்த வீட்டிலும் இல்லை. படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்து, அதன் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, ஒவ்வொரு தலையையும் வரைந்து எண் போடுங்கள். அந்தத் தாளோடு இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் போங்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். ஒருவர் பத்துப் பெயர் சொல்வார், அடுத்தவர் அதில் இரண்டைத் திருத்துவார், மூன்றாமவர் அந்த ஆள் கேரளத்துக்காரர், இவர்தான் இரணியல்காரர் என்பார். பேசும்போது போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். மாலுமிகளின் ஆவணங்களில் மலையாளம் கலந்தும் இந்தி உச்சரிப்பிலும் பெயர்கள் மாறியிருக்கும் என்பதால் வீட்டில் அழைத்த பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். எண்ணும் பெயரும் பொருந்திய பிரதிகளில் ஒன்றைப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைக் கோவாவில் போக்மாலோ சாலையில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓர் அலிஸே விமானமே காட்சிக்கு நிற்கிறது. அசல் படத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.